குடியிருப்பு மறுசீரமைப்பை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? தாராவியை முன்வைத்து ஓர் அறிமுகம்

மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் வீட்டுக் கதவுகளில் 2024 மார்ச் மாதம் முதல் எண்கள் எழுதப்படத் தொடங்கின. மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான கணக்கெடுப்பின் அடையாளங்கள் அவை. 90 அடிச் சாலையிலும் அதன் பக்கத்துச் சந்துகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சொற்களை இப்போது அன்றாடம் பேசுகின்றன: எலிஜிபிள் (வீடு பெறத் தகுதியுள்ளவர்), நான்-எலிஜிபிள் (தகுதியற்றவர்), கட்-ஆஃப் தேதி (அதற்கு முன் குடியிருந்தால்தான் தகுதி என்ற தேதி), கார்பெட் ஏரியா (வீட்டுச் சுவர்களுக்குள் உள்ள தரைப்பரப்பு), டிரான்சிட் கேம்ப் (புது வீடு கிடைக்கும்வரை தங்கும் தற்காலிகக் குடியிருப்பு). இவை அரசாணைகளிலிருந்து வந்த சொற்கள். ஆனால் ஒரு பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அங்கே வாழ்ந்த மக்களுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை உலகின் பல பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. அந்த ஆய்வுகளின் முடிவுகள் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. அவை கேள்வி கேட்கும் முறை அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. தன் வீட்டைப் பற்றிச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அந்த முறை மிகவும் பயன்படும் என்று உறுதியாக நம்புவதால், மும்பையை உதாரணமாக வைத்து அதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

சமூக வீட்டுவசதி என்பது என்ன?

சந்தை கேட்கும் விலையையோ வாடகையையோ கொடுக்க இயலாதவர்களுக்கு, அவர்களுடைய தேவையையும் வருமானத்தையும் பார்த்து ஒதுக்கப்படும் வீடுகளைச் சமூக வீட்டுவசதி என்கிறோம். அவற்றை அரசு கட்டலாம், மாநகராட்சி கட்டலாம், கூட்டுறவுச் சங்கமோ இலாப நோக்கற்ற அமைப்போ கட்டலாம். வியன்னா நகரம் முதல் உலகப் போருக்குப் பின் மாநகராட்சியின் செலவில் வாடகைக் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாநகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர். சிங்கப்பூர் 1960-இல் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது; அங்கு வசிப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் அக்கழகம் கட்டிய வீடுகளில், பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை உரிமையுடன், வாழ்கின்றனர்.

மும்பையிலும் ஒரு காலத்தில் அரசு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய இடங்களில் எழுப்பிய 207 பி.டி.டி. சால்களில் (சால் என்பது ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த மாடிக் குடியிருப்பு) ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை. பின்னர் 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகரின் தனியார் வாடகைகளை 1940-ஆம் ஆண்டு நிலையில் நிறுத்தியது. வாடகைதாரர்களுக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது. அதே சமயம் பழுதுபார்க்க உரிமையாளருக்கு எந்த ஆர்வமும் இல்லாமல் போனதால் தனியார் சால்கள் சிதையத் தொடங்கின. அதன் பிறகு இந்தியாவில் ஏழைகளுக்கான வீடு என்றாலே சொந்த வீடு என்ற கருத்து வேரூன்றிவிட்டது. பொது அமைப்பின் கையில் இருக்கும் வாடகை வீடு ஒரு குடும்பம் வெளியேறியதும் இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். சொந்தமாகக் கொடுக்கப்பட்ட வீடு விற்கப்பட்டால் சந்தைக்குள் போய்விடும். மும்பையின் வீட்டுக் கொள்கை குறித்த விவாதங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு.

பழைய குடியிருப்பைச் சீர்செய்யும் மூன்று வழிகள்

ஓர் இடத்தின் வீடுகள், தெருக்கள், குடிநீர், கழிப்பறை, பள்ளி, பிழைப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சீர்படுத்துவதைக் குடியிருப்புப் பகுதி மறுசீரமைப்பு என்கிறார்கள். அதை மூன்று வழிகளில் செய்யலாம். வீடுகளை அப்படியே விட்டு, நிலத்துக்குப் பட்டாவோ குத்தகையோ கொடுத்து, குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பாதையும் அமைத்துத் தருவது ஒன்று. இருக்கும் இடத்திலேயே இடித்து அடுக்குமாடியாகக் கட்டித் தருவது இரண்டாவது. மக்களை வேறோர் இடத்துக்கு மாற்றுவது மூன்றாவது.

மும்பை மூன்றையும் முயன்று பார்த்த நகரம். 1971-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டத்துக்குப் பின் தெருக்குழாய்களும் பொதுக் கழிப்பறைகளும் வந்தன. 1976-இல் எடுக்கப்பட்ட குடிசைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் போட்டோ பாஸ் என்ற குடிசைவாசி அடையாள அட்டை வழங்கப்பட்டது. இன்றும் பல வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும் ஆவணம் அது. 1985 முதல் 1994 வரை உலக வங்கியின் உதவியோடு நடந்த திட்டம், குடிசைவாசிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, வீட்டை அவரவரே மேம்படுத்திக்கொள்ளக் கடன் தந்தது. இந்த முதல் வழிக்கு உலகில் பரவலாகப் பேசப்படும் முன்னோடி, இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா 1969-இல் தொடங்கிய கம்போங் மேம்பாட்டுத் திட்டம்.

முதல் வழியின் கருத்து அதைவிடப் பழையது. அதன் தொடக்கத்தில் நம் ஊர்களுக்கும் இடமுண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபின், 1898-இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது நெரிசலான சால்களை இடித்து அகலமான சாலைகள் போட்டது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் பக்கத்துச் சால்களில் போய் நெருக்கியடித்துக் குடியேறியதால், எந்த நெரிசலைக் குறைக்க அறக்கட்டளை தோன்றியதோ அந்த நெரிசல் அடுத்த தெருவுக்கு நகர்ந்தது. இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தவர் ஸ்காட்லாந்து நாட்டு நகர அறிஞர் பேட்ரிக் கெடஸ். 1915 வாக்கில் சென்னை மாகாணத்தில் பயணம் செய்து தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட நகரங்களுக்கு அறிக்கை எழுதிய அவர், தெரு முழுவதையும் இடிக்காமல், பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெற்றிடத்தைக் காற்றும் வெளிச்சமும் வரும் முற்றமாக மாற்றினால் போதும் என்று வாதிட்டார். அதற்கு முன் வீடு வீடாக நடந்து பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அதே அறக்கட்டளை திட்டமிட்ட தாதர்-மாட்டுங்கா மனைகளில்தான் பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அலுவலகப் பணியாளர்களின் குடும்பங்கள் குடியேறின. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நகரின் அன்றைய விளிம்பான தாராவியின் சதுப்பு நிலத்தை மேடாக்கி வாழ்ந்தனர். ஒரே நகரத்தில், ஒரே மொழி பேசிய இரு பிரிவினரில், ஒருவருக்குத் திட்டமிட்ட மனையும் மற்றவருக்குத் திட்டத்துக்கு வெளியே இருந்த சேறும் கிடைத்தன. மறுசீரமைப்பைப் பற்றிப் படிக்கும் தமிழர் இதை மறக்காமல் தொடங்குவது நல்லது.

இலவச வீட்டின் செலவு யாருடையது?

1995-இல் மும்பை இரண்டாவது வழியை முழுமையாகத் தேர்ந்தெடுத்தது. நாற்பது லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து, அவ்வாண்டின் இறுதியில் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம், அதாவது எஸ்.ஆர்.ஏ., உருவானது. 1995 ஜனவரி 1-க்கு முன் அங்கிருந்ததை நிரூபிக்கும் குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடு இலவசம். அந்த அளவு பின்னர் 269 ஆகவும், 2018-இல் 300 ஆகவும் உயர்ந்தது. கட்-ஆஃப் தேதியும் 2000 ஜனவரி 1-க்குத் தள்ளப்பட்டது. தொடக்கத்தில் நூற்றுக்கு எழுபது குடும்பங்களின் சம்மதம் தேவைப்பட்டது. பின்னர் அது ஐம்பத்தொன்றாகக் குறைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள எஃப்.எஸ்.ஐ. என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதே எஃப்.எஸ்.ஐ. ஆயிரம் சதுர மீட்டர் மனையில் எஃப்.எஸ்.ஐ. 3 என்றால், எல்லா மாடிகளையும் சேர்த்து மூவாயிரம் சதுர மீட்டர் கட்டலாம். எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் பில்டர் குடிசைவாசிகளுக்கு இலவசமாகக் கட்டித் தருகிறார். அதற்கு ஈடாக அவருக்குக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கிடைக்கிறது, அதில் கட்டும் வீடுகளைச் சந்தை விலைக்கு விற்று அவர் செலவையும் இலாபத்தையும் எடுத்துக்கொள்கிறார். அரசு பணம் தருவதில்லை, குடிசைவாசியும் தருவதில்லை. விற்பனை வீட்டை வாங்குபவர் தருகிறார்.

இதன் விளைவுகளைத்தான் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாக விளக்கி வருகிறார்கள். விற்பனை வீட்டின் விலையில் எல்லாம் தங்கியிருப்பதால், நிலத்தின் விலை அதிகமாக உள்ள இடத்தில் பில்டர்கள் முந்துகிறார்கள். தேவை அதிகமாக இருந்தும் விலை குறைவாக உள்ள இடத்துக்கு யாரும் வருவதில்லை. விற்பனைக்கு அதிக நிலம் வேண்டுமென்பதால் மறுவாழ்வுக் கட்டடங்கள் மனையின் ஒரு மூலையில் நெருக்கமாக, உயரமாக எழுப்பப்படுகின்றன. வீட்டு விற்பனை மந்தமானால் வேலை நின்று, குடும்பங்கள் டிரான்சிட் கேம்ப்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. நாற்பது லட்சம் பேர் என்ற இலக்கில் ஒரு பகுதியே இதுவரை எட்டப்பட்டிருப்பதற்கும் இதுவே முதன்மையான காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மும்பை மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் குடிசைப்பகுதிகளில்தான் வாழ்ந்தனர்.

இடத்தை அளப்பதா, ஆளை அளப்பதா?

இனி இத்துறையின் நடுக் கேள்விக்கு வருகிறேன்; இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. ஒரு குடிசைப்பகுதி இடிக்கப்பட்டு, பத்தாண்டு கழித்து அங்கே பளபளப்பான கட்டடங்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்வாளர் அங்கே போய்க் கதவைத் தட்டி, மாத வருமானம் என்ன, குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார். வருமானம் முன்பைவிட இரண்டு மடங்கு, கல்வி உயர்ந்திருக்கிறது, பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று தெரிகிறது. திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. ஏனெனில் அவர் கதவைத் திறந்தவர்களை மட்டுமே கேட்டிருக்கிறார். கட்-ஆஃப் தேதிக்குப் பின் வந்ததால் வீடு கிடைக்காதவர், மேல்மாடியில் வாடகைக்கு இருந்து வெளியேற்றப்பட்டவர், வீடு கிடைத்தும் மெயிண்டனன்ஸ் கட்ட முடியாமல் வாடகைக்கு விட்டுவிட்டுத் தொலைவுக்குப் போனவர் ஆகிய எவரும் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுடைய இடத்தில் வசதியுள்ள புதியவர்கள் வந்திருந்தால், எந்த ஓர் ஏழையின் வாழ்வும் முன்னேறாமலே அந்த இடத்தின் சராசரி வருமானம் உயர்ந்துவிடும். வசதியுள்ளோர் குடியேறக் குடியேறப் பழையவர்கள் மெல்ல வெளியேறும் இந்தப் போக்குக்கு 1964-இல் இலண்டன் நகரை முன்வைத்து 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் சூட்டியவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். ஆகவே இடத்தின் முன்னேற்றம் வேறு, அங்கே இருந்த மக்களின் முன்னேற்றம் வேறு என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இத்துறையின் முதல் பாடம்.

ஆட்களைப் பின்தொடர வேண்டுமானால் இடிப்பதற்கு முன்பே அவர்களைக் கணக்கெடுத்து, பெயரும் தொடர்பும் குறித்து வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் தேடிச் சென்று மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும். இது செலவும் பொறுமையும் கேட்கும் வேலை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1950-களின் இறுதியில் வெஸ்ட் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டபோது, உளவியலாளர் மார்க் ஃப்ரைட் வெளியேற்றப்பட்டவர்களை அப்படித் தேடிச் சென்று கேட்டார். அவர்களில் கணிசமானோர், நெருங்கிய உறவினரை இழந்தவர்களிடம் காணப்படும் துயரத்தின் அடையாளங்களை நீண்ட காலம் காட்டினர் என்று அவர் 1963-இல் எழுதினார். அந்தக் குடியிருப்பு அரசின் பதிவேடுகளில் 'சீரழிந்த பகுதி'. அங்கே வாழ்ந்தவர்களுக்கோ அது தாயும் தங்கையும் நான்கு வீடு தள்ளி வாழ்ந்த ஊர்.

பின்தொடர்ந்தாலும் இன்னொரு சிக்கல் மீதமிருக்கிறது. புதிய வீட்டுக்குப் போனவரின் மகள் பட்டம் பெற்றால், அது வீட்டினால் நடந்ததா, எப்படியும் நடந்திருக்குமா? இதற்கு விடை காண, எல்லா வகையிலும் ஒத்திருந்து வீடு மட்டும் கிடைக்காத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும்போது அந்த ஒப்பீடு இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஏனெனில் குலுக்கலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

இந்தியாவில் இப்படி நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அகமதாபாத்தில் 1987-இல் சேவா அமைப்பைச் சேர்ந்த ஏழைப் பெண்களுக்கு நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் நல்ல வீடுகள் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. ஷாரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகிய மூவர் பதினான்கு ஆண்டு கழித்து வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டனர். வென்றவர்களில் 34 விழுக்காட்டினர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. மேலும் 32 விழுக்காட்டினர் போய்ப் பின்னர் வெளியேறினர். வீட்டின் தரம் உயர்ந்திருந்தது. குடும்ப வருமானமோ பிள்ளைகளின் நிலையோ உயரவில்லை. உறவுக்காரர்களிடமிருந்து விலகிப் போனதால் அவசரத்தில் கைமாற்றுக் கேட்க ஆள் இல்லாமல் போனது என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

மும்பையில் மாநில வீட்டுவசதி வாரியமான மாடா 2012, 2014 ஆண்டுகளில் நடத்திய குலுக்கல்களை ஆராய்ந்தவர் தனு குமார். குறைந்த விலையில் வீடு கிடைத்த குடும்பங்களில் கல்வியும் வேலைவாய்ப்பும், கிடைக்காத குடும்பங்களோடு ஒப்பிட, மேம்பட்டிருந்தன என்று அவர் கண்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இரு ஆய்வுகளும் முரண்படுவது போலத் தோன்றும். மும்பையில் வென்றவர் அந்த வீட்டில் குடியிருக்கலாம், அல்லது வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே இருக்கலாம். எந்த வழியிலும் அவர் கையில் ஒரு பெரிய சொத்து வந்தது. பிழைக்கும் இடத்தை விட்டுப் போகும் கட்டாயம் அவருக்கு இல்லை. அகமதாபாத்தில் வீட்டை அனுபவிக்க வேண்டுமானால் நகரத்தை விட்டுப் போயாக வேண்டியிருந்தது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமாக இருந்திருந்தால் இரண்டின் முடிவும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 1994-இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய ஒரு சோதனையில், ஏழைக் குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக உதவித்தொகை குலுக்கலில் வழங்கப்பட்டது. பல ஆண்டுகள்வரை பெற்றோரின் வருமானத்தில் எந்த மாற்றமும் தெரியாததால் பலர் அதைத் தோல்வி என்றே எழுதிவந்தனர். 2016-இல் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும், பதின்மூன்று வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபின் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்ததைக் காட்டினர். அதைவிட மூத்த வயதில் மாறிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை. சாவி கொடுத்த மறு ஆண்டிலேயே வெற்றி தோல்வி பேசும் அறிக்கைகளை, அவை எந்தப் பக்கத்தினுடையவையாக இருந்தாலும், நிதானமாகவே படிக்க வேண்டும்.

கட்டடமே நோயாகும்போது

எண்ணிக்கைக்கு வெளியே உடல்நலத்தையும் ஆய்வுகள் அளக்கின்றன. இரயில், சாலைத் திட்டங்களுக்காக இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் மான்கூர்த், கோவண்டி பகுதிகளில் உள்ள லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி ஆகியவற்றில் குடியமர்த்தப்பட்டன. டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்களும் அங்கே காசநோய் பரவியிருந்த விதத்தைக் கட்டட அமைப்போடு பொருத்திப் பார்த்தனர். கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி இருந்ததால் கீழ்த்தளங்களுக்கு வெயிலும் காற்றும் எட்டவில்லை; காசநோயும் கீழ்த்தளங்களிலேயே அதிகமாக இருந்தது. தகரக் கூரையிலிருந்து சிமெண்ட் கூரைக்குப் போனவர்கள் இழந்தது சூரிய ஒளி. மனையின் ஓரத்தில் நெருக்கிக் கட்டுவதன் விலை இப்படியும் வெளிப்படுகிறது. தானசா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் உள்ள மாஹுலுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் வழக்கில், 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் யாரையும் அங்கே கட்டாயப்படுத்திக் குடியமர்த்தக் கூடாது என்று ஆணையிட்டதும் காற்றின் நச்சு பற்றிய சான்றுகளின் அடிப்படையில்தான்.

வீட்டுக்கும் பிழைப்புக்கும் உள்ள தொலைவு

தமிழர் ஒருவரின் வழக்கு மேலே சொன்ன இந்திய ஆய்வுகளுக்கு முந்தைய சான்றாக நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய் வந்த நிலமற்ற தொழிலாளி அவர். தகிசரில் ஒரு வேதிப்பொருள் ஆலையில் தினக்கூலி. 1981 ஜூலையில் மாநகராட்சி அவருடைய குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றியது. மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு அவர் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி, மறுபடியும் நடைபாதையில் குடிசை போட்டார். 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிழைப்புக்கான உரிமை வாழ்வதற்கான உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தபோது விசாரித்த மனுக்களில் அவருடையதும் ஒன்று. முறையான அறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனாலும் மனிதர்கள் நடைபாதையில் வாழ்வது பிழைப்பு அங்கே இருப்பதால்தான் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி.

தாராவியில் இந்தத் தொலைவு பல வீடுகளில் பூஜ்யம். அதிகாலையில் வீட்டிலேயே இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் நகரெங்கும் விற்கும் தமிழ்க் குடும்பங்களை மும்பைக்காரர் எல்லோரும் அறிவர். அந்தத் தொழிலுக்குத் தரைத்தளம் வேண்டும், கிரைண்டர் ஓடும் மின்னிணைப்பு வேண்டும், மாவுப் பாத்திரம் கழுவிய நீர் போக வழி வேண்டும், விடியுமுன் சைக்கிள்கள் வந்து நிற்க வாசல் வேண்டும். பதினைந்தாவது மாடியில் 350 சதுர அடி வீடு பழைய அறையைவிடப் பெரியதாகவும் தூய்மையாகவும் இருக்கலாம். இந்த நான்கில் ஒன்றையும் அது தராது. குடியிருப்பின் பரப்பை மட்டும் அளந்து ஒப்பிடும் ஆய்வு, இந்தக் குடும்பத்தை ஆதாயம் பெற்றவர் பட்டியலில் சேர்த்துவிடும்.

யார் எண்ணுகிறார்கள்?

கணக்கெடுப்பை அரசு மட்டும் நடத்த வேண்டியதில்லை என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். இளைஞராக பம்பாய் வந்த அவர் வாழ்ந்த ஜனதா காலனி, நகரின் பிற பகுதிகளிலிருந்து முன்பே அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம். பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காக அதுவும் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், காலி செய்யப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். ஜோக்கின் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1980-களிலிருந்து ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்புடனும் மகிளா மிலன் பெண்கள் குழுக்களுடனும் இணைந்து, குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே எண்ணி, வரைபடம் வரைந்து, அந்தக் கணக்கோடு அதிகாரிகளிடம் பேசும் முறையை வளர்த்தது. பின்னர் அது ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. 2000-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார். ஆய்வு முறைகளைப் பற்றிய பல்கலைக்கழகப் பாடங்களில் இன்று இடம்பெறும் இந்த முறை, மும்பைச் சேரிகளின் பெண்கள் சாக்கட்டியும் நோட்டுப் புத்தகமுமாக உருவாக்கியது என்பதில் நாம் பெருமைப்பட எல்லா நியாயமும் இருக்கிறது.

தாராவியில் இதன் தேவை இப்போது அதிகம். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற இத்திட்டத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வதை நிரூபிப்போருக்கு 350 சதுர அடி வீடு தாராவியிலேயே இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கும், மேல்மாடிகளில் இருப்பவர்களுக்கும் இன்னும் பின்னர் வந்தவர்களுக்கும் வாடகை முறையிலும், தாராவிக்கு வெளியே வீடு தரப்படும் என்பது ஏற்பாடு. ஆகவே ஒரே படிக்கட்டின் கீழும் மேலும் வாழும் இரு குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போகக்கூடும்.

பத்தாண்டு கழித்து இத்திட்டத்தை நேர்மையாக மதிப்பிட வேண்டுமானால், இடிப்பதற்கு முன்னரே எடுக்கப்படும் அடிப்படைக் கணக்கெடுப்பு தேவை. தகுதியை முடிவு செய்வதற்காக ஆவணங்களைச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு அதற்குப் போதாது. மேல்மாடி வாடகைதாரர் உட்பட ஒவ்வொரு குடும்பத்திலும் யார் எங்கே வேலை செய்கிறார், அங்கே போக எவ்வளவு நேரம், வீட்டிலேயே நடக்கும் தொழில் எது, அதில் பெண்களின் உழைப்பு எவ்வளவு, திடீர் மருத்துவச் செலவுக்கு யாரிடம் கடன் வாங்குகிறார்கள், பிள்ளைகள் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்களா என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி சிறியதல்ல: தமிழ்க் குடும்பங்கள் ஒரே இடத்தில் செறிந்து வாழ்வதால்தான் அப்பள்ளிகளில் வகுப்புகள் நிறைகின்றன; அவை சிதறினால் பள்ளிக்கு ஆள் சேராது. இந்தத் தகவல்களைச் சந்துக்குச் சந்து இளைஞர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் நோட்டில் எழுதி, உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணோடு பத்திரப்படுத்தலாம். வீடுகள் இடிந்து மக்கள் கலைந்த பின் எந்தப் பல்கலைக்கழகம் வந்தாலும் இதைத் திரும்பச் சேகரிக்க இயலாது.